பாக்கெட் டார்ச் லைட் வாங்குவது எப்படி: அன்றாடத்துக்கும் முகாமுக்கும் முழுமையான வழிகாட்டி

டார்ச் லைட் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ஒரு லுமென் கணக்கு, அதாவது டார்ச் கொட்டும் மொத்த வெளிச்சத்தின் அளவு, அச்சாகியிருக்கும். பெரும்பாலோர் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கைக்குள் அடங்கும் டார்ச்சில் அந்த வெளிச்சம் ஒன்றிரண்டு நிமிடம் நிற்கும். பிறகு சூடேறித் தானாகக் குறைந்துவிடும். பையில் தினமும் சுமக்கவும் கூடாரத்தில் இரவைக் கழிக்கவும் உதவும் டார்ச்சை அடையாளம் காட்டுபவை வேறு மூன்று: எவ்வளவு மங்கலாக எரிய முடியும், நடுத்தர வெளிச்சத்தை எத்தனை மணி நேரம் தாங்கும், உள்ளே என்ன பேட்டரி. பெட்டியில் இவை பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. கீழே உள்ள வரிசையில் தேர்வு செய்தால் ஒவ்வொரு படியிலும் பாதி டார்ச்சுகள் தாமாகக் கழிந்துவிடும்.

1. முதலில் பாக்கெட்டைப் பாருங்கள்

எவ்வளவு நல்ல டார்ச்சாக இருந்தாலும் கனம் பொறுக்காமல் வீட்டில் வைத்துவிட்டுப் போனால் பயனில்லை. ஆகவே அளவை முதலில் முடிவு செய்யுங்கள். ஏஏஏ பேட்டரி ஒன்று போடும் டார்ச் சுமார் 14 மி.மீ. தடிமன், 70 முதல் 80 மி.மீ. நீளம் இருக்கும், சாவிக்கொத்தில் தொங்கினாலும் உறுத்தாது. ஏஏ ஒன்று போடுவது 90 மி.மீ. அளவில், சட்டைப் பையில் பேனா போல நிற்கும். 18650 என்ற லித்தியம்-அயன் செல் போடுவது 110 முதல் 130 மி.மீ. நீளம், தலைப்பகுதி 22 முதல் 26 மி.மீ. வரை, செல் மட்டுமே 47 கிராம் இருக்கும். அதைவிடப் பெரிய 21700 செல் ஏறக்குறைய 70 கிராம். அது கால்சட்டைப் பையை இழுக்கும், முதுகுப்பைக்குத்தான் சரி.

கடைக்குப் போகுமுன் அதே நீளமுள்ள ஒரு மார்க்கரையோ பேனாவையோ ஒரு நாள் முழுக்கப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, குனிந்து, படியேறிப் பாருங்கள். இடுப்பு மடிப்பில் குத்தும் நீளம் எது என்று தெரிந்துவிடும்.

கிளிப்பையும் கவனியுங்கள். டார்ச்சின் நுனிவரை பைக்குள் இறங்கும் கிளிப் இருந்தால் அது வெளியே துருத்தாது, உட்காரும்போது நழுவாது. இரண்டு பக்கமும் வாய் திறந்த கிளிப் என்றால் தொப்பியின் விளிம்பில் மாட்டித் தலைவிளக்காகவும் வைத்துக்கொள்ளலாம். முகாமில் இது பெரிய வசதி. அழுத்திப் பொருத்தும் கிளிப் நாளடைவில் தளரும். திருகாணி போட்டுப் பிடித்த கிளிப் நீடிக்கும்.

2. பேட்டரி

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். டார்ச்சின் குணத்தில் பெரும்பகுதி இங்கேயே முடிவாகிறது.

18650, 21700, 14500 என்ற எண்களில் முதல் இரண்டு இலக்கம் விட்டம், அடுத்தது நீளம். 18650 என்றால் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். இவை லித்தியம்-அயன் செல்கள். சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழுதாக ஏறியதும் 4.2 வோல்ட். 14500 செல் ஏஏ அளவில்தான் இருக்கும், ஆனால் மின்னழுத்தம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஏஏ பேட்டரிக்கு மட்டும் செய்த டார்ச்சில் 14500 போட்டால் உள்ளே இருக்கும் சுற்று கருகிப் போகக்கூடும். இரண்டையும் ஏற்கும் டார்ச் என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள்.

எந்தச் செல் எவ்வளவு நேரம் வரும் என்பதை மில்லி ஆம்பியர் மணியை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. வாட்-மணிக்கு, அதாவது செல்லில் அடங்கிய மொத்த ஆற்றலுக்கு, மாற்ற வேண்டும். ஆம்பியர் மணியை வோல்ட்டால் பெருக்கினால் போதும். 3500 மில்லி ஆம்பியர் மணி உள்ள 18650: 3.5 × 3.6 = 12.6 வாட்-மணி. 5000 உள்ள 21700: 18 வாட்-மணி. 900 உள்ள 14500: சுமார் 3.2. மறுமுறை சார்ஜ் ஏற்றும் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு ஏஏ, 2000 மில்லி ஆம்பியர் மணி என்றால்: 2 × 1.2 = 2.4. ஏஏஏ என்றால் ஒன்றுக்கும் கீழே.

நல்ல டார்ச் நடுத்தர வெளிச்சத்தில் ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லுமென் தரும். இதை வைத்து எந்த விளம்பரத்தையும் சரிபார்க்கலாம்: வாட்-மணியை 100-ஆல் பெருக்கி, லுமெனால் வகுத்தால் மணிக்கணக்கு வரும். 18650 செல்லில் 150 லுமென்: 1260 ÷ 150, அதாவது 8 மணி நேரம் சொச்சம். அதே 150 லுமென் ஏஏ ஒன்றில் ஒன்றரை மணி நேரம்தான். ஒரே செல்லில் ஆயிரம் லுமென் குறையாமல் ஐந்து மணி நேரம் எரியும் என்று ஒருவர் எழுதியிருந்தால், இந்தக் கணக்கிலேயே அது பொய் என்று தெரிந்துவிடும்.

18650 செல்லின் மேல் 6800, 9900 என்று அச்சிட்டிருந்தால் தொடவே வேண்டாம். இந்த அளவில் பரவலாகக் கிடைக்கும் நல்ல செல்களின் உச்சம் 3500 அல்லது 3600. அதற்குமேல் எழுதியவர் எண்ணில் மட்டும் பொய் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. உள்ளே இருப்பது பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து கழற்றி மேலுறை மாற்றியதாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட செல் வேகமாக இறங்கும், சார்ஜ் ஏற்றும்போது சூடாகும்.

பாதுகாப்புச் சுற்று உள்ள செல், இல்லாத செல் என்று இரண்டு வகை உண்டு. சுற்று உள்ளதன் அடியில் ஒரு சிறு பலகை இருப்பதால் நீளம் 68 முதல் 70 மி.மீ. வரை போகும், சில டார்ச்சுகளில் மூடி முழுதாக மூடாது. செல்லின் மின்னழுத்தம் 3 வோல்ட்டை ஒட்டி இறங்கியதும் தானே அணையும் வசதி டார்ச்சிலேயே இருந்தால் சுற்று இல்லாத செல்லும் சரி. இல்லாவிட்டால் சுற்று உள்ளதையே வாங்குங்கள். இதில் இன்னொரு சிக்கலும் வரும். 3000 லுமென் தரும் டார்ச் உச்சத்தில் 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். குறைந்த மின்னோட்டத்துக்குச் செய்த பாதுகாப்புச் சுற்று அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும். உச்ச வெளிச்சத்தைத் தொட்டதும் டார்ச் பட்டென்று அணைந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான், டார்ச் பழுதாகியிருக்காது.

மேல்முனை தட்டையாக இருக்கும் செல், குமிழ் வைத்த செல் என்ற வேறுபாடும் உண்டு. தலைகீழாகப் போட்டால் காப்பதற்காகச் சில டார்ச்சுகளில் தொடுமுனையைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்திருப்பார்கள். அங்கே தட்டைமுனைச் செல் எட்டாது, டார்ச் எரியாது.

சரி, எந்தப் பேட்டரி? சார்ஜர் வைத்துப் பராமரிக்கத் தயாரானவருக்கு 18650. டார்ச் லேசாக இருப்பதே முக்கியம், எங்கு போனாலும் மாற்றுப் பேட்டரி கிடைக்க வேண்டும் என்பவருக்கு ஏஏ. அதிலும் எனலூப் போல வைத்திருந்தாலும் சார்ஜ் மெதுவாகவே இறங்கும் வகை. சாதாரண அல்கலைன் பேட்டரியை டார்ச்சுக்குள் மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். அது கசியும், கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, ஸ்பிரிங்கையும் மரையையும் அரித்து மூடியைத் திறக்கவே முடியாமல் செய்துவிடும். அவசரத்துக்கென்று ஆண்டுக்கணக்கில் எடுத்து வைப்பதற்கும் கடுங்குளிருக்கும் ஒருமுறை மட்டும் பயன்படும் லித்தியம் ஏஏ பொருத்தம். எடை சுமார் 15 கிராம்தான்; உறைநிலைக்குக் கீழே அல்கலைன் சோர்ந்து போகும் இடத்திலும் இது எரியும்.

3. லுமென் கணக்கை எப்படிப் படிப்பது

ஆன்சி எஃப்எல்1 என்ற தர அளவுமுறைப்படி, டார்ச்சைப் போட்டு 30 நொடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில் லுமெனை அளப்பார்கள். எரியும் நேரம் என்பது வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. 1000 லுமெனில் தொடங்கி, மூன்றாம் நிமிடமே 200-க்கு இறங்கி, பிறகு ஐந்து மணி நேரம் அதிலேயே எரிந்தாலும் பெட்டியில் ‘1000 லுமென், 5 மணி நேரம்’ என்று எழுதலாம். விதிப்படி அது தவறாகாது. ஆகவே நேரத்துக்கு நேரம் வெளிச்சம் எப்படி மாறுகிறது என்ற வரைபடத்தைத் தேடுங்கள். நம்பகமான தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள்.

வெளிச்சம் இறங்குவதற்குக் காரணம் சூடு. எல்இடி இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகிறது. அதை வெளியே விட அந்தச் சிறிய அலுமினிய உடலும் உங்கள் உள்ளங்கையும்தான் உண்டு. 18650 அளவு டார்ச் தொடர்ந்து தாங்குவது பொதுவாக 300 முதல் 500 லுமென். ஏஏ அளவு என்றால் 100 முதல் 150. வெப்பத்தைப் பார்த்துத் தானே வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி இருப்பது நல்ல அறிகுறி. அது இல்லாத மலிவான டார்ச் கையைச் சுடும், எல்இடியும் சீக்கிரம் மங்கும்.

லுமென் இரட்டிப்பானால் கண்ணுக்கு இரட்டிப்பாகத் தெரியாது என்பதையும் மனதில் வையுங்கள். இரண்டு மடங்கு பிரகாசம் என்று தோன்ற ஏறக்குறைய நான்கு மடங்கு லுமென் வேண்டும். 800-க்கும் 1000-க்கும் உள்ள வித்தியாசத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

4. வெளிச்ச நிலைகள்: கீழிருந்து எண்ணுங்கள்

கூடாரத்துக்குள், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு 1 லுமென் தாராளம். செருப்பைத் தேடலாம், வரைபடம் பார்க்கலாம், பக்கத்தில் தூங்குபவர் விழிக்க மாட்டார். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. 100 லுமென் ஒரு முறை முகத்தில் அடித்தால் அத்தனையும் போச்சு. ஆகவே ஒரு லுமெனோ அதற்கும் கீழோ எரியாத டார்ச்சை முகாமுக்கு வாங்க வேண்டாம் என்றே சொல்வோம்.

அதற்கு மேல் 10 முதல் 40 லுமென் சமையலுக்கும் பை கட்டுவதற்கும். 100 முதல் 150 நடப்பதற்கு. 300 முதல் 500 கரடுமுரடான பாதைக்கும் எதையாவது தேடுவதற்கும். ஆயிரம் சில நொடித் தேவைக்கு மட்டும். இந்த நான்கு படிகளும் இருந்து, ஒன்றுக்கொன்று மூன்று நான்கு மடங்கு இடைவெளி இருந்தால் போதும். 400, 600, 900 என்று மேலேயே கூட்டம் கூட்டும் டார்ச்சில் தினசரி வேலைக்கு ஒன்றும் இருக்காது.

ஒரு முகாம் இரவுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 லுமென் 3 மணி நேரம்: 90. நடை 150 லுமென் 1 மணி நேரம்: 150. ஒரு லுமென் இரவு முழுக்க: 8. ஆயிரம் லுமென் மூன்று நிமிடம்: 50. மொத்தம் ஏறக்குறைய 300 லுமென்-மணி, அதாவது 3 வாட்-மணி. ஒரு 18650 செல் நான்கு இரவு வரும். குளிரையும் செல்லின் வயதையும் கழித்து மூன்று என்று வையுங்கள். ஏஏ டார்ச் என்றால் ஒரு இரவுக்கு ஒன்று போதாது, இரண்டு தேவைப்படும்.

5. ஒளிக்கற்றை

லுமென் என்பது டார்ச் கொட்டும் மொத்த வெளிச்சம். அது எவ்வளவு குறுகலாகக் குவிகிறது என்பதைக் காண்டெலா சொல்லும். தூரக் கணக்கு எளிது: காண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர். 2,500 காண்டெலா என்றால் 100 மீட்டர். 10,000 என்றால் 200. அந்தத் தூரத்தில் விழுவது 0.25 லக்ஸ், முழுநிலவு வெளிச்ச அளவு. அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரியும், என்னவென்று தெரியாது. அடையாளம் கண்டுகொள்ளும் தூரம் பெட்டியில் எழுதியிருப்பதில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான்.

பாக்கெட் டார்ச்சுக்குத் தூரத்தைவிட அகலம் முக்கியம். ஆழமான, வழவழப்பான ரிஃப்ளெக்டர் நடுவில் சுள்ளென்ற பொட்டையும் சுற்றிலும் மங்கிய வட்டத்தையும் தரும். இரண்டு மீட்டருக்குள் வேலை செய்யும்போது அந்தப் பொட்டு கண்ணைக் கூசும். ஆரஞ்சுத் தோல் போல மேடுபள்ளம் வைத்த ரிஃப்ளெக்டரும் முழுப் பிளாஸ்டிக் லென்ஸும் வெளிச்சத்தை மிருதுவாகப் பரப்பும். 2,000 முதல் 6,000 காண்டெலா வரை உள்ளது எல்லா வேலைக்கும் ஒத்துவரும். முன்னும் பின்னும் இழுத்துக் குவிக்கும் ‘ஜூம்’ டார்ச்சைத் தவிர்த்துவிடுங்கள். குவிக்கும்போது வெளிச்சத்தில் பெரும்பகுதி உள்ளேயே வீணாகிறது. நகரும் தலை காற்றோடு ஈரத்தையும் தூசியையும் உள்ளே உறிஞ்சும்.

இரவில் நடக்கும்போது டார்ச்சை இடுப்புயரத்தில் பிடியுங்கள். கல்லும் வேரும் நீண்ட நிழல் விழுத்தி மேடுபள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். நெற்றியில் கட்டிய விளக்கு நிழலைப் பொருளுக்குப் பின்னால் மறைத்துவிடும். மூடுபனியிலும் மழையிலும் கண்முன்னே வெள்ளைத் திரை போட்டதுபோல ஆக்கிவிடும்.

6. நிறம்

மலிவான எல்இடிகள் 6500 கெல்வினில், நீலம் பாய்ந்த வெள்ளையாக எரியும். மண், இலை, காய்ந்த ரத்தம் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும். 4000 முதல் 5000 கெல்வின் வரை எடுத்துக்கொள்ளுங்கள். நிற உண்மைக் குறியீடு, அதாவது சிஆர்ஐ, 90-க்கு மேல் இருப்பது நல்லது. நிச்சியா 519ஏ எல்இடி வைத்த டார்ச்சுகள் இதற்குப் பேர்போனவை. அதே மின்சாரத்தில் லுமென் கொஞ்சம் குறையும், ஆனால் பார்ப்பது என்ன என்று தெரியும். காயத்தைப் பார்க்கவும் வயர் நிறம் பிரிக்கவும் இந்தப் பேரம் லாபம்தான். சிவப்பு விளக்கு தனியாக இருந்தால் நட்சத்திரம் பார்ப்பவருக்கு உதவும். மற்றவருக்கு 1 லுமென் போதும்.

7. சுவிட்சும் பூட்டும்

பின்மூடியில் கிளிக் என்று விழும் சுவிட்ச் மின்சாரத்தை நேராகத் துண்டிக்கும். அணைந்திருக்கும்போது பேட்டரி துளியும் செலவாகாது, கையுறையோடும் அழுத்தலாம். பக்கத்தில் இருக்கும் மின்னணுப் பொத்தான் நிலைகளை மாற்ற வசதி, ஆனால் அணைந்திருந்தாலும் சிறிது மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மைக்ரோ ஆம்பியர் என்றால் 3500 செல் எட்டு ஆண்டு தாங்கும் கணக்கு, கவலையில்லை. 1 மில்லி ஆம்பியர் என்றால் ஐந்தே மாதத்தில் செல் காலி.

பைக்குள் தானே எரிவதுதான் பக்கப் பொத்தானின் பெரிய ஆபத்து. ஆயிரம் லுமென் துணியில் ஒட்டி எரிந்தால் துணி பொசுங்கும், தொடை சுடும். பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தினால் டார்ச் அணைகிறதா என்று பாருங்கள். அணைந்தால் அதுதான் மிக நம்பகமான பூட்டு. மரையில் மின்கடத்தாப் பூச்சு இருக்கும் டார்ச்சில் மட்டுமே இது நடக்கும். மரை வெறும் அலுமினியமாகப் பளபளத்தால் நடக்காது. அப்போது பொத்தானைப் பலமுறை அழுத்திப் பூட்டும் வசதி இருக்க வேண்டும்.

அணைந்திருக்கும்போதே பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேராக மிகக் குறைந்த நிலை வர வேண்டும். கடைசியாக எரிந்த நிலையிலேயே தொடங்கும் டார்ச் நள்ளிரவில் முழு வேகத்தில் கண்ணைப் பறிக்கும். மின்னி மின்னி எரியும் நிலை சாதாரணச் சுழற்சியில் கலந்திருந்தால் அந்த டார்ச் வேண்டாம்.

பின்பக்கக் காந்தம் இருந்தால் இரும்பில் ஒட்டிவிட்டு இரு கையாலும் வேலை செய்யலாம். திசைகாட்டிக்கு அருகில் மட்டும் வைக்காதீர்கள், முள் தடம் மாறும். பின்மூடி தட்டையாக இருந்து டார்ச் நிமிர்ந்து நின்றால், கூடாரக் கூரையில் அடிக்கும் வெளிச்சமே தனி விளக்காகிவிடும்.

8. தண்ணீர்

நீர், தூசி தாங்கும் தரத்தை ஐபி என்ற குறியீடு சொல்லும். ஐபிஎக்ஸ்4 என்றால் சாரலைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபிஎக்ஸ்8 அதற்கு மேல், தயாரிப்பாளர் சொல்லும் ஆழம்வரை. ‘எக்ஸ்’ இருந்தால் தூசிச் சோதனை செய்யவில்லை என்று பொருள். ஐபி68 என்றால் இரண்டும் உண்டு. முகாமுக்கு ஐபிஎக்ஸ்7 குறைந்தபட்சம். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி சரியாக அமராவிட்டால் இந்த எண்கள் எதுவும் செல்லாது.

9. சார்ஜ்

டைப்-சி துளை இருப்பது வசதி, ஆனால் சோதித்து வாங்குங்கள். சில டார்ச்சுகளின் துளையில் வைக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடைகளை விட்டுவிடுகிறார்கள். விளைவு: பழைய யுஎஸ்பி-ஏ முனையுள்ள கேபிளில் மட்டும் சார்ஜ் ஏறும், இரு முனையும் டைப்-சி என்றால் ஏறாது. முகாமில் கையில் இருப்பது இரண்டாவது கேபிளாக இருந்தால் டார்ச் செத்தது போலத்தான்.

செல்லைக் கழற்ற முடியும் டார்ச்சையே வாங்குங்கள். உள்ளேயே அடைத்த பேட்டரி சில ஆண்டில் தளர்ந்ததும் முழு டார்ச்சும் குப்பை. தனிச் சார்ஜரில் 18650-ஐ 1 ஆம்பியரில் ஏற்றினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் நிரம்பும். 14500-க்கு அரை ஆம்பியருக்கு மேல் வேண்டாம். உறைநிலைக்குக் கீழே லித்தியம்-அயன் செல்லைச் சார்ஜ் செய்யவே கூடாது. உள்ளே உலோக லித்தியம் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். கடுங்குளிரில் முதலில் உடம்போடு வைத்துச் சூடாக்குங்கள்.

உதிரிச் செல்லைச் சாவி, சில்லறையோடு பையில் போடாதீர்கள். குறுஞ்சுற்று ஆகித் தீப்பிடிக்கும். பிளாஸ்டிக் உறை கட்டாயம். மேலுறை கிழிந்த செல்லையும் அப்படியே பயன்படுத்த வேண்டாம். செல்லின் உலோக உடல் முழுவதும் எதிர்முனை. நேர்முனைக்குச் சற்றுத் தள்ளி ஒரு கீறல் விழுந்தாலே இரண்டும் தொட்டுவிடக்கூடும். விமானத்தில் உதிரிச் செல்கள் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் போடக்கூடாது.

10. வாங்கி வந்த அன்றே

திருப்பிக் கொடுக்கும் காலம் முடியுமுன் இவற்றைச் செய்துவிடுங்கள்:

1. செல்லை வெளியே எடுங்கள். புது டார்ச்சில் தொடுமுனைக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதை நீக்கிவிட்டு முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். நிரம்பியதும் மல்டிமீட்டரில் 4.15 முதல் 4.2 வோல்ட் காட்ட வேண்டும். 4.25-ஐத் தாண்டினால் அந்தச் சார்ஜ் சுற்று ஆபத்தானது, திருப்பிக் கொடுங்கள்.
2. எல்லா நிலைகளையும் கைபேசிக் கேமரா வழியாகப் பாருங்கள். குறைந்த நிலையில் கருப்புக் கோடுகள் அடர்த்தியாக ஓடினால், வெளிச்சத்தை வேகமாக அணைத்து ஏற்றிக் குறைக்கிறார்கள். நீண்ட நேரம் படித்தால் சிலருக்குத் தலைவலி வரும்.
3. வெள்ளைச் சுவரில் அடியுங்கள். நடுவில் கருவட்டமோ ஒரு பக்கச் சாய்வோ தெரிந்தால் எல்இடி சரியான இடத்தில் அமரவில்லை.
4. 300 லுமென் நிலையில் 20 நிமிடம் கையில் வைத்திருங்கள். பிடிக்க முடியாத அளவு சுட்டால் தினசரிக்கு ஆகாது.
5. எரியும்போதே உள்ளங்கையில் தட்டுங்கள். விட்டு விட்டு எரிந்தால் ஸ்பிரிங்கோ பின்மூடிக்குள் இருக்கும் வளையமோ தளர்வு. வளையத்தில் இரு சிறு துளைகள் இருக்கும். கூரான இடுக்கியால் இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.
6. தண்ணீர்ச் சோதனையைக் கடைசியில் வையுங்கள். ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் பள்ளத்தில் அமர்ந்திருக்கிறதா என்று பார்த்து, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, துடைத்துத் திறந்து பாருங்கள்.

11. பராமரிப்பு

ஆண்டுக்கு இருமுறை மரையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, ஓ-ரிங்கில் சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். ரப்பர் எந்த வகை என்று தெரியாமல் பெட்ரோலியம் கிரீஸ் போட்டால் சில ஓ-ரிங் ஊதிப் பிதுங்கும். குழாயின் விளிம்பில், பின்மூடியைத் தொடும் வெற்று உலோகப் பகுதியில், கிரீஸ் படக்கூடாது. மின்சாரம் அந்த வழியாகத்தான் ஓடுகிறது. மங்கலாக எரியும் டார்ச்சுகளில் பலவற்றுக்கு அந்த விளிம்பைத் துடைப்பதே மருந்து. அல்கலைன் கசிந்திருந்தால் வினிகரோ எலுமிச்சைச் சாறோ நனைத்த பஞ்சால் வெள்ளைப் படிவைக் கரைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலர்த்துங்கள்.

அடுத்த முகாம்வரை சும்மா இருக்கப்போகும் லித்தியம்-அயன் செல்லை முழுச் சார்ஜிலும் வைக்காதீர்கள், காலியாகவும் வைக்காதீர்கள். 3.7 முதல் 3.8 வோல்ட்டில் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் நீடித்து உழைக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் விடவே வேண்டாம். எடுத்துப் பார்க்கும்போது 2.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்திருந்தால் மறுபடி ஏற்ற முயலாமல், முனைகளில் டேப் ஒட்டிப் பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.